கைச்சாத்திட்ட பின் காணி விற்பவர் பின்வாங்க முடியுமா?

விற்பனை உடன்படிக்கை என்பது, குறித்த விலைக்குக் குறித்த காலத்துக்குள் காணியை எழுதித் தருவதாக விற்பவர் கொடுக்கும் வாக்குறுதியாகும். அது உறுதி, அதாவது காணியின் உரிமையை மாற்றித் தரும் ஆவணம், அல்ல; ஆகவே உரிமை அன்றே கைமாறுவதில்லை. பால் மாட்டுக்கு முற்பணம் வாங்கியவரின் தொழுவத்திலேயே மாடு நின்றாலும், கூடுதல் விலை வந்தது என்று அவர் அதைப் பிறருக்கு ஓட்டிவிட முடியாது என்பதைப் போன்றதே இதுவும்.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டுக் காணி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்த உடன்படிக்கை நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரு சாட்சிகளும் முன்னிலையில் கைச்சாத்திடப்பட்டு அத்தாட்சிப்படுத்தப்பட்டதா என்பதையே. ஏனெனில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், அவ்வாறு செய்யப்படாத காணி உடன்படிக்கைக்குச் சட்ட வலு அளிப்பதில்லை. முறைப்படி எழுதப்பட்டிருந்தால், உறுதியை எழுதித் தருமாறு கட்டளையிடும்படியோ நட்டஈடு கோரியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவைப்பது, விற்பவர் இடையில் வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கும் ஆபத்துக்கு எதிரான நல்ல காப்பு. பலர் செலவுக்கு அஞ்சி இதைத் தவிர்ப்பது வீண் சிக்கனம்.

முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டே போதுமெனப் பலர் நம்புகின்றனர். அது கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க உதவுமே தவிர, காணியைப் பெற்றுத் தராது.