பல்லைப் பிடுங்க வேணாம்மா, முதல்ல விரலைக் காட்டுங்க

பல்லைப் பிடுங்காதீங்க. உங்க லெட்டரைப் படிச்சு முடிச்சதும் சொல்லணும்னு தோணுனது இதுதான், மத்ததெல்லாம் அப்புறம். உசிலம்பட்டி பக்கம், வயசு 41, மல்லிப்பூ கட்டுற வேலை, மூணு மாசமா காலைல விரல் மடங்க மாட்டேங்குது, பல்லு வெளக்குனா ஈறுல ரத்தம், ஈறு கிருமிதான் மூட்டுக்குப் போகுதுன்னு செல்போன்ல ஒரு வீடியோ பாத்துட்டு எல்லாப் பல்லையும் எடுத்துட்டா வலி போயிருமான்னு கேக்குறீங்க. கூடவே யூரிக் ஆசிட், தக்காளி, கால்சியம், சொடக்குன்னு ஏழெட்டு கேள்வி. ஆனா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "எங்கம்மாவுக்கு கடைசில விரலெல்லாம் கோணிப்போச்சு, சோறு பிசைய முடியாம நான்தான் ஊட்டி விட்டேன்"னு. நீங்க பயப்படுறது அதுக்குத்தாம்மா. அதுக்கே பதில் சொல்றேன்.

தக்காளி தாராளமா சாப்பிடுங்க. சொடக்கு எடுத்தா மூட்டு தேயாது. மாதவிடாய் நிக்காத பொம்பளைங்களுக்கு யூரிக் ஆசிட் மூட்டுவலி வர்றது ரொம்ப அபூர்வம், அதை விட்ருங்க. கால்சியம் மாத்திரை போட்டு எந்த வீக்கமும் வத்தாது.

நான் நின்னு படிச்சது வேற இடம். காலைல 4 மணிக்கு எந்திரிக்கிறேன், 6 மணி வரைக்கும் நாரைப் பிடிச்சு இழுத்து முடிச்சுப் போட விரல் வரமாட்டேங்குது, அப்புறம் தானா சரியாயிருதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் முக்கியம். தேய்மான வலின்னா காலைல பத்து பதினஞ்சு நிமிஷத்துல இளகிரும், வேலை செய்யச் செய்யத்தான் கூடும். இது தலைகீழா இருக்கு, படுத்து எந்திரிச்சா இறுக்கம், வேலை பாத்தா இளகுது, அதுவும் ரெண்டு மணி நேரம் இறுக்கம், ரெண்டு கையிலயும். இப்பவே கையை மடக்கி முட்டிங்களைப் பாருங்க. முட்டிக்கும் முட்டிக்கும் நடுவுல ஒரு பள்ளம் தெரியணும். கண்மாய் தூந்த மாதிரி அந்தப் பள்ளம் மேவிப் போயிருந்தா உள்ள வீக்கம் இருக்கு. அப்புறம் வீட்டுல யாரையாச்சும் உங்க கையைக் குலுக்குற மாதிரி பிடிச்சு அந்த முட்டி வரிசையை லேசா அமுக்கச் சொல்லுங்க. சுள்ளுன்னு வலிச்சா இந்த வாரமே டாக்டரைப் பாக்கணும், அடுத்த மாசம்னு தள்ளக்கூடாது. இது முடக்குவாதமா இருக்கலாம், நம்ம பக்கம் சரவாங்கின்னு சொல்வாங்க. லெட்டரை வச்சு நான் முடிவு பண்ண முடியாது, கையைப் பாத்து ரத்த டெஸ்ட் எடுத்துத்தான் சொல்லணும். அம்மாவுக்கு இருந்ததுன்னா உங்களுக்கு வர வாய்ப்பு கூட, அதுக்காக வந்தே தீரும்னு இல்ல.

சரி, ஈறு. வீடியோவுல சொன்னது முழுப் பொய்யில்ல, பாதியைச் சொல்லி பயமுறுத்தியிருக்காங்க. ஈறு நோய்ல பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி ஆகி அதுல கிருமி தங்கும். அதுல போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்னு ஒரு கிருமி, அதுகிட்ட இருக்குற ஒரு என்சைம் நம்ம உடம்புப் புரதத்துல ஆர்ஜினைன்ங்கிற ஒரு துண்டை சிட்ருலின்ங்கிற வேற துண்டா மாத்திரும். சில பேரோட உடம்பு அந்த மாறுன புரதத்தை வேத்தாள்னு நினைச்சு எதிர்ப்புப் பொருள் உண்டாக்குது, சரவாங்கியான்னு தெரிய ஆன்டி சிசிபின்னு ரத்தத்துல பாக்குறது அதைத்தான். சரவாங்கி வர்ற சில பேருக்கு மூட்டு வலிக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே அது ரத்தத்துல இருக்கும். அதனால ஈறுக்கும் மூட்டுக்கும் தொடர்பு உண்டுன்னு நம்புறதுக்கு நல்ல காரணம் இருக்கு. ஆனா ஈறு கெட்ட எல்லாருக்கும் சரவாங்கி வர்றதில்ல, ஈறு நல்லா இருக்குறவங்களுக்கும் வருது. ஈறை சுத்தம் பண்ணா மூட்டு வீக்கம் கொஞ்சம் குறையுதுன்னு சின்ன ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, வேற ஆய்வுல அப்படி ஒண்ணும் தெரியல. ஒருநாளும் மூட்டு மருந்துக்குப் பதிலா அது ஆகாது.

பல்லு எடுக்குற யோசனை புதுசும் இல்ல. 1910ல வில்லியம் ஹண்டர்ங்கிற லண்டன் டாக்டர், வாய்க் கிருமிதான் பல நோய்க்குக் காரணம்னு கனடாவுல பேசுனதுக்கு அப்புறம் பல வருஷம் மூட்டுவலிக்காரங்களுக்கு பல்லும் டான்சிலும் எடுத்துத் தள்ளுனாங்க. வலி அப்படியேதான் இருந்துச்சு, சோறு மெல்லத்தான் வழியில்லாமப் போச்சு. அதைத் திரும்பச் செய்யணுமாம்மா?

பல்லுக்கு நீங்க செய்ய வேண்டியது, பல் டாக்டர்கிட்ட போய் பல்லுல படிஞ்சு இறுகிப்போன காரையை எடுக்குறது. எடுத்தா பல்லு ஆடிரும்னு உங்க பக்கத்து வீட்டுல சொல்லியிருக்காங்க. ஏற்கனவே எலும்பு அரிச்சு ஆடுற பல்லை காரை பிடிச்சு வச்சிருக்கும், எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரியுது, அவ்ளோதான். ரத்தம் வருதுன்னு அந்த இடத்துல பிரஷ் போடாம விடாதீங்க, மெதுவான பிரஷ்ல ரெண்டு வேளை தேய்ங்க, செங்கப்பொடி சாம்பல் எல்லாம் வேணாம். வெத்தலையோட போயிலை போடுற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. சுகரும் பாத்துருங்க, சுகர் கூடுனா ஈறு ஆறாது.

இதெல்லாம் முடியட்டும் அப்புறம் மூட்டைப் பாப்போம்னு மட்டும் இருந்துறாதீங்க. இந்த நோய்ல முதல் சில மாசம்தான் கையில இருக்குற காலம், அதுக்குள்ள மருந்து ஆரம்பிச்சா நிறைய பேருக்கு விரல் கோணாமலே காப்பாத்திரலாம். உங்க அம்மா காலத்துல அந்த மருந்து எத்தனை பேருக்குக் கிடைச்சுது? மெத்தோட்ரெக்ஸேட்னு பேரு, அதுக்கு அமெரிக்காவுலயே இந்த நோய்க்குன்னு அனுமதி கிடைச்சது 1988லதான். டாக்டர் அதை எழுதுனா பேரை நெட்ல தேடி கேன்சர் மருந்துன்னு படிச்சுட்டு தூக்கிப் போட்றாதீங்க. மூட்டுக்குக் கொடுக்குறது ரொம்பக் குறைஞ்ச அளவு. வாரத்துல ஒரே ஒரு நாள்தான் போடணும், தெரியாம தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, வீட்டுல எல்லாருக்கும் இதைச் சொல்லி வைங்க. இடையில வாய்ல புண்ணு வந்தா ஈறுதான்னு விட்றாம உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. குழந்தை பெத்துக்குற எண்ணம் இருந்தா அதையும் முன்னாடியே சொல்லணும்.

மதுரை பெரியாஸ்பத்திரில மூட்டுவாதப் பிரிவு இருக்கு, பல் பிரிவும் இருக்கு, ரெண்டையும் பாத்துட்டு வந்துரலாம். காலைலயே போங்க, இறுக்கமும் வீக்கமும் இருக்குறப்போ டாக்டர் கையைப் பாக்கட்டும்.

கடைசியா எனக்குக் கோபம் வந்த விஷயம். மெடிக்கல்ல பேர் சொல்லாம மூணு மாத்திரையை பேப்பர்ல மடிச்சுக் கொடுக்குறாங்க, போட்டா அன்னைக்கு பறக்குற மாதிரி இருக்கு, ரெண்டு மாசமா தினமும் போடுறேன், முகம் கொஞ்சம் உப்புன மாதிரி இருக்குன்னு சாதாரணமா எழுதியிருக்கீங்க. அதுல ஒண்ணு ஸ்டீராய்டா இருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். அது வீக்கத்தை மறைக்கும், சுகரை ஏத்தும், எலும்பை அரிக்கும், உள்ளுக்குள்ள மூட்டு கெடுறதும் வெளிய தெரியாது. ஆனா ரெண்டு மாசம் போட்டதை நீங்களா சடார்னு நிறுத்துனாலும் ஆபத்து, மயக்கம் போட்டுக்கூட விழலாம். அதனால மிச்சம் இருக்குற பொட்டலத்தை அப்படியே கொண்டு போய் டாக்டர் மேசைல வைங்க, எப்படிக் குறைச்சு நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்க.