கடன் வாங்கும் முன் நான்கு மாணவர்களோடு தொடங்குங்கள்

வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக மேடையில் கீபோர்டு வாசித்துவரும் தாங்கள், இணையவழி இசைப் பள்ளி தொடங்க ஐந்து லட்சம் ரூபாய் கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அமெரிக்க இசைக்கலைஞர் டெரெக் சிவர்ஸ் 1990களின் இறுதியில் தம் சொந்த இசைத்தட்டை விற்பதற்காகவே ஓர் இணையதளம் அமைத்தார். தங்களுடையதையும் விற்றுத் தருமாறு நண்பர்கள் கேட்கக் கேட்கத்தான் அது 'சிடி பேபி' என்ற நிறுவனமாக வளர்ந்தது. கட்டணத்தை முடிவுசெய்ய, ஊரிலிருந்த இசைத்தட்டுக் கடையில் விசாரித்து, அவர்கள் தட்டு ஒன்றுக்கு 4 டாலர் எடுத்துக்கொள்வதை அறிந்து, அதையே தாமும் வைத்துக்கொண்டார். கலைஞர்களுக்கு வாரந்தோறும் பணம் போய்ச் சேர்ந்தது. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, கச்சேரி முடிந்தும் சம்பளத்துக்காகக் காத்து நின்ற நம் போன்றோர் நன்கு அறிவோம். 2008இல் அந்நிறுவனத்தை அவர் 2.2 கோடி டாலருக்கு விற்றார்.

ஆகவே செயலி, ஸ்டுடியோ எல்லாம் பிறகு. பிள்ளைக்குச் சொல்லித்தருவீர்களா என்று உங்களிடம் ஏற்கெனவே கேட்டவர்களில் நால்வரை மட்டும் சேர்த்து, விரல்கள் தெரியும்படி கைப்பேசியைக் கீபோர்டுக்கு மேலே பொருத்தி, கட்டணத்துடனேயே ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க இயலாது. தாளத்தை எப்படித் திருத்துவது என்பது அப்போதுதான் பிடிபடும். இரண்டாம் மாதக் கட்டணத்தை எத்தனை பேர் கேட்காமலே கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, கடனைப் பற்றி முடிவெடுங்கள்.