பாய்மரப் படகில் கார்த்தஹேனா: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: சென்னையில் நானும் மனைவியும் வேலை பார்க்கிறோம். மகள் பத்தாம் வகுப்பும் மகன் ஆறாம் வகுப்பும் படிக்கிறார்கள். வரும் டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் பனாமா சென்று, அங்கிருந்து பாய்மரப் படகில் கொலம்பியாவின் பழைய துறைமுக நகரமான கார்த்தஹேனாவுக்குப் போக விரும்புகிறோம். மொத்தச் செலவு 15 லட்சம் ரூபாய். (விமானம் 7.6 லட்சம், படகு ஒருவருக்கு 700 டாலர் வீதம் 2.4 லட்சம், பனாமாவில் தங்க 90 ஆயிரம், கார்த்தஹேனாவில் ஐந்து இரவுகளுக்கும் சாப்பாட்டுக்கும் 2.2 லட்சம், அதன் அருகிலுள்ள ரொசாரியோ தீவுகளுக்குத் தனிப் படகு 60 ஆயிரம், காப்பீடும் தடுப்பூசியும் 40 ஆயிரம், இதர செலவு 90 ஆயிரம்.) கையில் இதற்கென வைப்பு நிதியில் 7 லட்சம் இருக்கிறது. மீதி 8 லட்சத்தைத் தனிநபர் கடனாக 12.5% வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்கலாமா, அல்லது மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்த பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டிலிருந்து எடுக்கலாமா? எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் போடும் தொகை) போக மாதம் 60 ஆயிரம் மிஞ்சுகிறது. மார்ச்சில் 2.5 லட்சம் போனஸ் வரும். அவசரகால நிதி தனியாக இருக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. பயணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. டிசம்பரிலிருந்து 2026 மே மாதத்துக்கு மாற்றிவிட்டால், கடன் என்ற கேள்வியே எழாது.

முதலில் கடனைப் பார்ப்போம். 8 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 26,760 ரூபாய் வரும். மூன்று ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 1.63 லட்சம் கட்டுவீர்கள். நான்கு பேருக்குமான படகுக் கட்டணத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. மியூச்சுவல் ஃபண்டிலிருந்து எடுத்தால் வட்டி இல்லை என்று தோன்றும். ஆனால் எடுக்கும் 8 லட்சத்தில் 3.5 லட்சம் நீண்டகால லாபம் என்று வைத்துக்கொண்டால், 1.25 லட்சம் விலக்குப் போக மீதிக்கு 12.5% வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து சுமார் 29 ஆயிரம் ரூபாய் போகும். அதைவிடப் பெரிய இழப்பு, மகள் கல்லூரியில் சேர மூன்று ஆண்டுகளே இருக்கும்போது அந்தத் தொகையை மீண்டும் சேர்த்து முடிக்கப் போதிய காலம் கிடைக்காது என்பதுதான்.

டிசம்பர் ஏன் கூடாது என்பதற்குப் பணத்தைத் தாண்டியும் காரணங்கள் இருக்கின்றன, அவை கடைசியில் பணத்திலேயே வந்து முடிகின்றன. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே தாரியென் காட்டுப் பகுதியில் சாலை கிடையாது. அதனால்தான் பூர்வகுடிகளான குனா மக்களின் சான் பிளாஸ் தீவுகள் வழியாகச் செல்லும் இந்தப் படகுகள் ஓடுகின்றன. வழக்கமாக நான்கைந்து நாட்கள் ஆகும். அதில் தீவுகளைத் தாண்டிய பிறகு ஒன்றரை அல்லது இரண்டு நாட்கள் திறந்த கடல். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே வடகிழக்கு வியாபாரக் காற்று வலுவாக வீசும், நீங்களோ கிழக்கு நோக்கிக் காற்றை எதிர்த்துப் போகிறீர்கள். கடல் கொந்தளித்தால் படகோட்டி புறப்பாட்டைத் தள்ளிவைப்பார். அவர் செய்வது சரியும்கூட. ஆனால் சுமார் பத்து நாட்களே உள்ள அரையாண்டு விடுமுறையில், போக வர விமானத்திலேயே நான்கு நாட்கள் கழிந்துவிடும்போது, உங்கள் திட்டம் அடங்குவதே கடினம், அதற்குமேல் இரண்டு நாள் தாமதம் என்றாலே திரும்பும் டிக்கெட் வீணாகிவிடும். போதாக்குறைக்கு மகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. மே மாதத்தில் காற்று பெரும்பாலும் தணிந்திருக்கும், கரீபியப் புயல் காலமும் ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. கார்த்தஹேனா புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே தள்ளி இருப்பது கூடுதல் வசதி.

இந்தக் கடல் வழியில் கால அட்டவணை என்றுமே இருந்ததில்லை. பெருவின் வெள்ளியை ஏற்றிச் செல்ல வந்த ஸ்பானியக் கப்பல் தொகுதிகள் முதலில் கார்த்தஹேனாவில் நின்று, பிறகு பனாமா கரையிலுள்ள போர்ட்டோபெலோ சந்தைக்குப் போய், மீண்டும் கார்த்தஹேனாவுக்குத் திரும்பிய தடமும் இதுதான். அவை எப்போது வரும் என்று வணிகர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். நிதி ஆலோசகன் என்ற முறையில் அந்நகரின் வரலாற்றில் என்னைக் கவர்வது இன்னொரு செய்தி. 1586-இல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் நகரைப் பிடித்து, 1,07,000 தூக்கட் (அக்கால ஐரோப்பிய நாணயம்) பணயத் தொகை வாங்கிக்கொண்டுதான் விட்டுப் போனார். இன்று 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் அந்தக் கோட்டை மதில்களில் பெரும்பகுதி அதற்குப் பிறகு, இரண்டு நூற்றாண்டுகளாகச் செலவழித்துக் கட்டியவை. மதில்மேல் நடக்கக் கட்டணம் இல்லை. சான் ஃபெலிப்பே கோட்டைக்கு மட்டும் நுழைவுச் சீட்டு உண்டு.

உங்கள் பட்டியலில் நான் நீக்கச் சொல்வது ரொசாரியோ தீவுகளுக்கான 60 ஆயிரத்தை. ஐந்து நாட்கள் தீவு தீவாகப் படகில் வந்தவர்கள், இறங்கியதும் இன்னொரு படகுக்குக் காசு கொடுத்துத் தீவு பார்க்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகப் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேருங்கள்: தாமதத்துக்கென 1.2 லட்சம். படகு புறப்படாமல் போனால் பனாமா நகரில் இரண்டு மூன்று இரவுகள் கூடுதலாகத் தங்கவும், சுமார் ஒரு மணி நேர விமானத்தில் கார்த்தஹேனா போய்ச் சேரவும், டிக்கெட் தேதியை மாற்றவும் இந்தத் தொகை வேண்டும். ஆக மொத்தம் 15.6 லட்சம், உங்களுக்குத் தேவை இன்னும் 8.6 லட்சம். இந்த ஜூலை முதல் ஏப்ரல் வரை பத்து மாதங்கள் 60 ஆயிரம் வீதம் தொடர் வைப்பிலோ லிக்விட் ஃபண்டிலோ (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்ட்) போட்டால் 6 லட்சம், போனஸ் 2.5 லட்சம், மீதிச் சில்லறையை வைப்பு நிதியின் வட்டியே ஈடுகட்டிவிடும். டிசம்பர் இறுதியில் கையில் 10.6 லட்சம் இருக்கும் என்பதால், ஜனவரியில் விமான டிக்கெட் எடுக்கவும் தடையில்லை. அவசரகால நிதியை இதில் தொடாதீர்கள்.

அடுத்து, யாரிடம் பதிவு செய்கிறீர்கள் என்பது. எல்லாவற்றையும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் தொகுப்பாக ஒருவர் பெயரில் 15 லட்சத்துக்கு வாங்கினால், 2025-26 நிதியாண்டில் இருந்த விதிப்படி முதல் 10 லட்சத்துக்கு 5%, அதற்கு மேல் 20% என 1.5 லட்சம் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். இருவர் பெயரிலும் சமமாகப் பிரித்தால் அது 75 ஆயிரமாகக் குறையும். விமான டிக்கெட்டை மட்டும் இங்கே ரூபாயில் தனியாக வாங்கிவிட்டு, மற்றவற்றுக்கு நீங்களே பணம் அனுப்பினால், ஒருவருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் என்ற வரம்புக்குள்ளேயே நிற்பீர்கள். பிடித்தம் பெரும்பாலும் இராது. தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்த படகுக் கட்டணத்தை வங்கி சுற்றுலாத் தொகுப்பாகக் கருதினால்கூட, அதே விதிப்படி 2.4 லட்சத்துக்கு 12 ஆயிரம்தான். டிசிஎஸ் செலவன்று, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கும் வரியிலும் (டிடிஎஸ்) அலுவலகத்தில் சொல்லிச் சரிசெய்யலாம். ஆனால் பயண நேரத்தில் கையில் இருக்க வேண்டிய பணம் அங்கே முடங்குகிறது.

பனாமாவில் டாலரே புழங்குகிறது. படகுக் கட்டணத்தின் மீதியைப் படகோட்டியிடம் டாலர் நோட்டாகக் கொடுப்பதே வழக்கம், தீவுகளில் ஏடிஎம்மை எதிர்பார்க்க முடியாது. கொலம்பியாவில் அந்நாட்டு நாணயமான பேசோவுக்கும் டாலர் குறியையே போடுகிறார்கள். உணவகப் பட்டியலில் அந்தக் குறியோடு 40,000 என்று கண்டு திடுக்கிட வேண்டாம், அது ஏறத்தாழ 10 டாலர். அட்டை இயந்திரம் ரூபாயிலா பேசோவிலா என்று கேட்டால் பேசோவையே தேர்ந்தெடுங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் 3.5% வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. 2 லட்சத்துக்கு அது 8 ஆயிரத்தைத் தாண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் முன்பதிவு செய்து, புறப்படப் பத்து நாட்களுக்கு முன்பே நால்வரும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கொலம்பியாவிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தலாம். காப்பீடு எடுக்கும் முன், திறந்த கடலில் பாய்மரப் படகில் நேரும் விபத்து விலக்குப் பகுதியில் இருக்கிறதா என்று பாலிசி ஆவணத்திலேயே படித்துப் பாருங்கள்.

படகுக்கு முன்பணம் அனுப்பும் முன், எத்தனை பேரை ஏற்றுவார்கள், குழந்தைகளுக்குப் பொருந்தும் உயிர்காப்பு உடை இருக்கிறதா, வானிலையால் பயணம் ரத்தானால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் தர மறுப்பவரின் படகை விட்டுவிட்டு விமானத்திலேயே கார்த்தஹேனா போய்விடுங்கள். அங்கே விரிகுடாவுக்குள் அரைநாள் பாய்மரப் படகில் போய் வர ஆகும் செலவு, நீங்கள் நீக்கிய அந்த 60 ஆயிரத்துக்குள் அடங்கிவிடும்.