ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம்: இப்போதே வேலையை விடலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு நுண்நிதிக் கம்பனியில் வெளிக்கள உத்தியோகத்தராக நாலு வருடமும் பத்து மாதமும் வேலை செய்கிறேன். கிளையில் ஆட்கள் நிலைப்பதில்லை. விட்டுப் போனவர்களின் சென்ரர்களும் (கடன் வாங்கியவர்கள் கூடித் தவணை கட்டும் குழுக்கள்) என் தலையில்தான். தர்மபுரம், விசுவமடு என்று சுற்றி, தவணைக் காசு முழுக்கச் சேரும்வரை யாரோ ஒரு அக்காவின் முற்றத்தில் காத்திருந்து வீடு வர இரவு எட்டு மணி. வராத தவணையை என் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். நித்திரையும் இல்லை. நாளைக்கே விட நினைக்கிறேன். ஆனால் ஓ.எல்., ஏ.எல். மூலச் சான்றிதழ்கள் அவர்களிடம். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: தங்கச்சி, விடுங்கள். ஆனால் நாளைக்கு வேண்டாம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, தானாகவே விலகினாலும் பணிக்கொடை உண்டு. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆட்கணக்கு உங்கள் கிளைக்கு மட்டுமல்ல, கம்பனி முழுவதற்கும். இன்று கடிதம் கொடுத்தால், மனேஜர் "சரி, இன்றோடு போங்கோ" என்று முடித்துவிடக்கூடும். அதனால் ஐந்து வருடம் முடிந்த பிறகே கடிதத்தை நீட்டுங்கள். பணம் விலகி முப்பது நாளுக்குள் தரப்பட வேண்டும்.

அந்த இரண்டு மாதத்தைத் தாண்டுவது எப்படி என்பீர்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வருடாந்த லீவு 14 நாள், அமய லீவு 7 நாள். சுகயீனமும் அந்த ஏழுக்குள்தான் அடங்கும். தனி மருத்துவ லீவு இந்தச் சட்டத்தில் இல்லை. நித்திரையில்லாததை வைத்தியரிடம் சொல்லி, துண்டு வாங்கி வைத்து, மிச்ச லீவை எடுங்கள். வழமையான வேலை நாளுக்கு எட்டு மணி, கிழமைக்கு 45 மணி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ஆகவே போன நேரம், வந்த நேரம், எந்த சென்ரர் என்பதை ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். சம்மதமில்லாமல் வெட்டிய தவணைக் காசையும் அதிலேயே குறியுங்கள். தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கும்போது, நினைவில் சொல்வதைவிட அந்தக் கொப்பி பேசும்.

எனக்கு அதிகம் கவலை தருவது, விலகும்போது காசையும் கணக்கையும் ஒப்படைப்பதுதான். மோசடி, பணக் கையாடல் போன்ற காரணத்தால் வேலை நீக்கப்பட்டால், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையைப் பிடிக்கச் சட்டம் இடமளிக்கிறது. காசு வசூலிப்பவருக்கு இது கண்ணிவெடி. பற்றுச்சீட்டுப் புத்தகம், அறவீட்டுப் பட்டியல், கையிருப்புக் காசு மூன்றையும் பட்டியலிட்டுக் கொடுத்து, மனேஜரின் ஒப்பமும் திகதியும் உள்ள பிரதியை உங்கள் கையில் வைத்திருங்கள். ஒப்பமிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சான்றிதழ்கள் உங்கள் சொத்து. பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பலாம். அதற்கிடையில் புது வேலைக்கு விண்ணப்பிக்க, பரீட்சைத் திணைக்களத்திடம் பெறுபேற்றுச் சான்றிதழ் எடுக்கலாம்.

இதற்கிடையில் அவர்களே உங்களை நிறுத்தினாலோ, வற்புறுத்தி விலகல் கடிதம் வாங்கினாலோ, ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியை விலகியதும் கேட்கலாம். சேமலாப நிதி பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதில். திருமணத்துக்காக வேலையை விட்டால் முன்னரும் எடுக்கலாம்.