மினிமலிசத்தைப் பின்பற்றிக்கொண்டே, நினைத்தவுடன் வாங்கும் பழக்கத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

வீட்டில் இருந்த பொருள்களைக் குறைத்துவிட்டீர்கள், எளிமையாக வாழ வேண்டும் என்ற எண்ணமும் உறுதியாக இருக்கிறது, ஆனாலும் கைப்பேசியைத் திறந்தால் எதையாவது வாங்கிவிடுகிறீர்கள். இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோவையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர், பள்ளியில் படிக்கும் மகள், மாமியார், நான் என்று வீட்டில் நான்கு பேர். குறைந்த பொருள்களோடு வாழ்வது என்று நாங்கள் முடிவெடுத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: பொருள்களைக் கழித்துவிடுவதால் மட்டும் வாங்கும் பழக்கம் போய்விடாது. ஆசை தோன்றும் நேரத்துக்கும் பணம் கைமாறும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். முன்பெல்லாம் அந்த இடைவெளி தானாகவே இருந்தது. இப்போது அதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்து வேண்டாதவற்றைக் கழிக்கும் எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த விஷயம்தான், காலியான அலமாரித் தட்டு அதிக நாள் காலியாக இருப்பதில்லை. இடம் இருக்கிறது என்பதே அடுத்த பொருளுக்கு ஒரு காரணமாகிவிடுகிறது. மினிமலிசத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைச் சுவர், மர மூடி போட்ட ஒரே அளவுக் கண்ணாடி ஜாடிகள், மண் நிறத்தில் நான்கே பருத்தி உடைகள் என்று ஒரு தோற்றத்தைக் காணொளிகளில் பார்த்துப் பார்த்து, அந்தத் தோற்றம்தான் எளிமை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. அதைப் பெறுவதற்காக, நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் எவர்சில்வர் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய ஜாடிகள் வாங்குவது எளிமையும் ஆகாது, சேமிப்பும் ஆகாது. எங்கள் சமையலறையில் துவரம் பருப்பு இன்றும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில்தான் இருக்கிறது. மாமியார் கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டிய தாள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஓரம் சுருண்டு, அப்படியே இருக்கிறது. அதை மாற்ற வேண்டிய தேவை இதுவரை வரவில்லை. உங்கள் செலவுகளில் எவையெல்லாம் “மினிமலிசத்துக்காக” வாங்கியவை என்று முதலில் கணக்கெடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் நல்ல நோக்கத்தின் பெயரில் நடக்கும் செலவைத்தான் நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இனி பணம் போகும் வழிக்கு வருகிறேன். 2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூடைப்பந்துப் போட்டிக்கான நுழைவுச் சீட்டுகளை ஏலத்தில் விட்டபோது, கடன் அட்டையில் பணம் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகச் செலுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைப் போல் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் விலை கேட்டிருந்தார்கள். சீட்டு ஒன்றுதான், கேட்டவர்களும் ஒரே தரப்பினர்தான். செலுத்தும் விதம் மட்டுமே மாறியது. பர்ஸைத் திறந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுக்கும்போது மனத்தில் ஏற்படும் அந்தச் சிறு வலி, அட்டையில் குறைந்துவிடுகிறது. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது அது இன்னும் குறைகிறது என்பதை நம் எல்லோருடைய வங்கிக் கணக்கும் சொல்லும். சிறு தொகைகளுக்கான யூபிஐ லைட் வசதியில் ஆயிரம் ரூபாய் வரை பின் எண்கூட இல்லாமல் செலுத்திவிடலாம். பேருந்துக்கும் பாலுக்கும் அது பெரிய வசதி என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் நினைத்தவுடன் வாங்கும் பழக்கம் உள்ளவருக்கு, யோசிக்கக் கிடைத்திருக்கக்கூடிய கடைசிச் சில விநாடிகளையும் அது எடுத்துவிடுகிறது.

ஆகவே மன உறுதியை நம்பி இருப்பதைவிட, பணம் போகும் வழியில் தடைகளை வைப்பதுதான் பலன் தரும் என்பது என் கருத்து. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல், அட்டையின் இணையவழிப் பயன்பாட்டை நாமே நிறுத்தவும், திறக்கவும், உச்ச வரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும். உங்கள் வங்கிச் செயலியில் “அட்டைக் கட்டுப்பாடு” போன்ற பெயரில் அது இருக்கும். என் கடன் அட்டையில் இணையவழிப் பயன்பாடு எப்போதும் மூடியே இருக்கிறது. தேவைப்படும்போது செயலிக்குள் போய்த் திறந்து, செலுத்தி முடித்ததும் மூடிவிடுவேன். இதற்கு ஆகும் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் எனக்குக் காவல். அதேபோல், 2022 அக்டோபர் முதல் விற்பனைத் தளங்கள் நம் அட்டை எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்ள முடியாது, நாம் சம்மதித்தால் அதற்குப் பதிலாக ஒரு டோக்கனை, அதாவது ஒரு மாற்றுக் குறியீட்டை, மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்று, சேமித்து வைத்த அட்டைகளை எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு இலக்கங்களைத் தட்டச்சு செய்ய நேரும்போது, பாதி ஆசை அங்கேயே நின்றுவிடும்.

யூபிஐக்கு வேறு வழி தேவை. சம்பளம் வரும் கணக்கை யூபிஐயுடன் இணைக்காமல், வேறொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி அதை மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் அன்றாடச் செலவுக்கு எவ்வளவு என்று முடிவு செய்த தொகையை ஒன்றாம் தேதி அதற்கு மாற்றிவிட வேண்டும். அந்தக் கணக்கில் இருப்பது குறையக் குறைய, கையில் இருக்கும் பணத் தாள் குறைவதைப் போலவே கண்ணுக்குத் தெரியும். சம்பளக் கணக்கில் மிச்சம் இருக்கும் பணமும் சும்மா கிடக்கக் கூடாது. சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.க்கோ (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) வேறு சேமிப்புக்கோ போய்விட வேண்டும். அஞ்சலகத்தில் மாதம் நூறு ரூபாயில்கூட ஆர்.டி. தொடங்கலாம் என்பதால், தொகை சிறியது என்று தயங்கவும் வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் மிகுந்த பலன் தந்தது, மாமியார் காலத்திலிருந்து தொடரும் சாமான் சீட்டுதான். மாதம் ஒரு முறை, தீர்ந்துபோன மளிகைப் பொருள்களை ஒரு தாளில் எழுதி அண்ணாச்சி கடையில் கொடுத்துவிட்டு வருவதும், சாயங்காலம் அட்டைப்பெட்டியில் சாமான் வீடு வந்து சேருவதும் நம்மில் பலருக்குப் பழக்கமான காட்சி. அதில் இருக்கும் நுட்பத்தை நான் பிறகுதான் உணர்ந்தேன்: எதை வாங்குவது என்ற முடிவை, பொருள்களின் நடுவே நிற்கும்போது எடுக்காமல், வீட்டில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து பார்த்து எடுக்கிறோம். நாங்கள் செய்த ஒரே மாற்றம், அந்தச் சீட்டின் பின்பக்கத்தை மற்ற எல்லா ஆசைகளுக்கும் ஒதுக்கியதுதான். யாருக்கு எது வேண்டும் என்று தோன்றினாலும் தேதி, பொருள், விலை, எதற்காக என்ற நான்கையும் எழுதிவிட வேண்டும். சீட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நான் எதையாவது கைப்பேசியில் காட்டி அபிப்பிராயம் கேட்டால் மாமியார் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “வேணும்னா சீட்டுல எழுதிப் போடு கண்ணு, ஒண்ணாந்தேதி பாத்துக்கலாம்.”

ஒன்றாம் தேதி நால்வரும் உட்கார்ந்து பின்பக்கத்தைப் படிப்போம். பாதிக்கு மேல், எழுதியவரே அடித்துவிடுவார். மற்றவற்றில் சந்தேகம் இருந்தால் அடுத்த மாதச் சீட்டுக்கு மாற்றி எழுதுவோம். “ஏர் ஃப்ரையர் – 4,500 – மாலைப் பலகாரம், எண்ணெய் குறையும்” என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில், “சுண்டலுக்கு எண்ணெய் எதற்கு?” என்று கணவர் எழுதியிருந்தார். அதற்கு மேல் அந்த வரியைத் தொடர எனக்குக் காரணம் இருக்கவில்லை. துணி உலர்த்தும் மடக்கு ஸ்டாண்டோ ஒவ்வொரு மாதமும் அடிபடாமல் வந்துகொண்டே இருந்தது, ஏனெனில் ஐப்பசி மழையில் மகளின் பள்ளிச் சீருடை காயாதது உண்மையான தொல்லை. அதைத் தயக்கமின்றி வாங்கினோம், இன்றும் தினமும் பயன்படுகிறது. சீட்டு ஆசையைத் தடை செய்வதில்லை. அதன் ஆயுள் எவ்வளவு என்று காட்டுகிறது. மகளும் இதில் எழுதுகிறாள் என்பது எனக்கு மிகவும் முக்கியம். கேட்டவுடன் கிடைக்காது, ஆனால் கேட்டது மறக்கப்படாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் செயலிகள், இந்தச் சீட்டுக்கு நேர் எதிரானவை. கொத்தமல்லித் தழை வாங்கப் போனால், இன்னும் அறுபது ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்று வரும். முப்பது ரூபாய்க் கட்டணத்தைத் தவிர்க்க அறுபது ரூபாய்க்கு ஒரு பொருளைச் சேர்ப்பது, கணக்கு பார்த்தால் முப்பது ரூபாய் கூடுதல் செலவுதான். கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், அல்லது தெருமுனைக் கடைக்கு நடந்துவிடுங்கள். “இன்னும் இரண்டே மீதம்”, “பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது” என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், நாம் கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் சேர்த்துவிடுவதும் இந்தியாவில் விதிமீறல்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், இவற்றைப் போன்ற 13 ஏமாற்று உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அப்படி ஒன்றில் சிக்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யலாம்.

“வட்டியில்லாத் தவணை” பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்கும் எண்ணமே இல்லாத பெரிய பொருளையும் அது கைக்கெட்டியதாகக் காட்டுகிறது. 30,000 ரூபாய்க் கைப்பேசியை மாதம் 5,000 வீதம் ஆறு தவணையில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்றால், கடை சுமார் 1,270 ரூபாயைத் தள்ளுபடியாகக் கொடுக்க, வங்கி சுமார் 28,730 ரூபாயைக் கடனாக எழுதிக்கொண்டு, அதே 1,270 ரூபாயை வட்டியாக வசூலிக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 229 ரூபாய், உங்கள் தலையில் விழுகிறது. பரிசீலனைக் கட்டணமும் அதற்கான வரியும் தனி. தொகை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த ஆறு மாதச் சம்பளத்திலிருந்து மாதம் 5,000 ரூபாய் வீதம் இன்றே எடுத்துச் செலவழித்துவிட்டோம் என்பதுதான் உண்மையான பாரம். தேவையான பொருளாக இருந்தால் அதே 5,000 ரூபாயை ஆறு மாதம் சேர்த்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் அது வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம்.

ஆடித் தள்ளுபடியையும் தீபாவளியையும் நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஒப்பணக்கார வீதிக்கும் கிராஸ்கட் ரோட்டுக்கும் நாங்களும் போகிறோம். யாருக்கு என்ன என்று எழுதிய தாளும், அதற்கான ரொக்கமும் மட்டும் எடுத்துக்கொண்டு போவோம். கல்யாணத்துக்கு வைக்கும் மொய், உறவுக்குச் செய்ய வேண்டிய சீர் ஆகியவற்றையும் தயவுசெய்து இந்தக் கட்டுப்பாட்டில் கொண்டுவராதீர்கள். அவை திடீர்ச் செலவுகள் அல்ல. ஆண்டுத் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கி வைக்க வேண்டியவை. அதேபோல், பெரியவர்கள் சேர்த்து வைத்த பாத்திரங்களை மினிமலிசத்தின் பெயரில் அவர்களைக் கேட்காமல் கழிப்பதும் தவறு. மாமியாரின் பித்தளை அண்டா எங்கள் பரணில்தான் இருக்கிறது, அது அவருடைய பொருள்.

கடைசியாக, சிலருக்கு மேலே சொன்ன எதுவும் போதாமல் போகலாம். வாங்கியதை வீட்டாரிடம் மறைப்பது, பிரிக்காத பார்சல்கள் குவிவது, ஓர் அட்டையின் பாக்கியைக் கட்ட இன்னோர் அட்டையைத் தேய்ப்பது, வாங்காவிட்டால் படபடப்பும் தூக்கமின்மையும் வருவது ஆகியவை உங்களிடம் இருந்தால், இதைக் குணக்கேடு என்று நினைத்துக் குமைய வேண்டாம். உணர்ச்சிச் சுமையோடு தொடர்புடைய இந்நிலைக்கு மனநல மருத்துவரின் உதவி உண்டு. அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கூடவே, கடன் அட்டையின் நிலுவை முழுவதையும் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறக்கூடிய அந்தக் கடனைத் தள்ளிப்போடாமல், குறைந்த வட்டியுள்ள தனிநபர் கடனாகவோ நகைக் கடனாகவோ மாற்ற முடியுமா என்று அவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய்க் கேளுங்கள்.