பதக்கத்தோட ஓரத்தைப் பாத்தீங்களா?

அன்புள்ள சார்,
என் தாத்தாவோட அப்பா முதல் உலகப்போர் சமயத்துல பட்டாளத்துல இராக்ல இருக்கற பஸ்ராவுக்குப் போனவர்னு பாட்டி சொல்லுவாங்க. திரும்பி வந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்ல சேர்ந்தாராம். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தோட சைட்ல தேடினேன், அவர் பேர்ல நாலஞ்சு பேர் இருக்காங்க. நந்தம்பாக்கம் கல்லறைக்கும் போய் ஒவ்வொரு கல்லா படிச்சேன். வீட்ல இருக்கறது ஒரு பழைய வெள்ளிப் பதக்கம் மட்டும்தான், ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல ஒரு ஆள். அவர் நிஜமாவே சண்டை போட்டாரான்னு எப்படி கண்டுபிடிக்கறது?
பெரம்பூர் வாசகர்

தம்பி,
கோச்சுக்காதீங்க, படிச்சதும் சிரிச்சிட்டேன். உயிரோட திரும்பி வந்து ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்த மனுஷனை நீங்க செத்தவங்க லிஸ்ட்ல தேடிட்டு இருக்கீங்க. அந்த சைட்ல இருக்கறது போர்ல இறந்தவங்க மட்டும்தான், நந்தம்பாக்கத்துல புதைச்சிருக்கறது ரெண்டாம் உலகப்போர் ஆளுங்க, 850 பேருக்கு மேல. முதல் போருக்கு அங்க ஒரு நினைவுச்சின்னம்தான் இருக்கு, அதுலயும் இறந்தவங்க பேர்தான்.

உங்க கையில இருக்கறதுதான் பெரிய சாட்சி, அதைப் போய் "மட்டும்தான்"னு எழுதறீங்க. ராஜா ஐந்தாம் ஜார்ஜ், குதிரை, வெள்ளின்னா அது பிரிட்டிஷ் வார் மெடல். அதோட ஓரத்தை, அதாவது காசுக்கு கோடு கோடா இருக்குமே அந்த விளிம்பை, வெளிச்சத்துல மெதுவா சுத்திப் பாருங்க, நம்பர், ரேங்க், பேர், எந்தப் படைன்னு இங்கிலீஷ்ல பொறிச்சிருக்கும். தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, பூஜை சாமான் மாதிரி வருஷாவருஷம் தேய்ச்சே எழுத்து போன பதக்கங்களைப் பாத்து வயிறு எரிஞ்சிருக்கேன்.

பேரை விட நம்பரும் படையும்தான் முக்கியம், ஏன்னா முனுசாமியும் கோவிந்தசாமியும் ஒவ்வொரு கம்பெனியிலயும் பத்து பேர் இருந்திருப்பாங்க, போதாததுக்கு ஸ்பெல்லிங்க கிளார்க் காதுல விழுந்தபடி எழுதியிருப்பார். 'எஸ் அண்ட் எம்'னு இருந்தா சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பாலம் கட்டற, பதுங்குகுழி வெட்டற படை. மெட்ராஸ் சாப்பர்ஸ்னா நம்மாளுங்க, மிலிட்டரியில இன்னிக்கும் அவங்களுக்கு "தம்பி"ன்னுதான் பேரு. படை தெரிஞ்சிட்டா, லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கற பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்துல டபிள்யூஓ 95ங்கற வரிசையில வார் டைரி இருக்கு, அந்தப் படை எந்தத் தேதியில எங்க இருந்துச்சுன்னு அதுல பாக்கலாம். சிப்பாய் பேர் அதுல வர்றது அபூர்வம், அதை எதிர்பாத்துப் போகாதீங்க.

சண்டை போட்டாரான்னு கேட்டீங்க. எங்க வீட்லயும் கொள்ளுத்தாத்தா துப்பாக்கியோட நின்னார்னுதான் கதை, பெரியப்பா சொன்னா பீரங்கியே வந்துடும். கடைசியில கிடைச்ச பதக்கத்துல அதே குதிரைதான், ஆனா வெள்ளி இல்ல, வெண்கலம். ஓரத்துல லேபர் கோர், அதாவது தொழிலாளர் படைன்னு இருந்துச்சு. அப்படி பட்டாளத்தோட கூலி வேலைக்குப் போனவங்களுக்கு வெண்கலத்துல கொடுத்தாங்க. பஸ்ரா துறைமுகத்துல மூட்டை தூக்கியிருப்பாரோ, ரோடு போட்டிருப்பாரோ. பெரியப்பா ரெண்டு மாசம் எங்கிட்ட பேசல, எனக்கு என்னவோ அப்பதான் அந்த மனுஷன் நிஜமா ஒரு ஆளா தெரிஞ்சார்.

உங்களது வெள்ளி. ஓரத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, சேர்ந்து படிச்சுப் பாப்போம்.