கடைசி இரண்டு வாரங்களை நம்பாத வேலை

மதிப்பிற்குரிய ஐயா,

புள்ளியியலில் இளநிலைப் பட்டம் முடிக்கவிருக்கும் உங்கள் மகள், சுவாச நோய்களின் பரவலைப் பொது சுகாதாரத் தரவுகளைக் கொண்டு கண்காணிக்கும் பணிக்குச் செல்ல விரும்புகிறார் என்றும், "மருத்துவமும் இல்லை, மென்பொருளும் இல்லை, இது என்ன வேலை?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கேள்வி நியாயமானதே, ஆனால் வேலை புதியதல்ல. 1847இல் லண்டனில் இன்ஃபுளுவென்சா பரவியபோது, வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தனர் என்பதை இறப்புப் பதிவேடுகளிலிருந்து வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கணக்கிட்டார். கோவிட் காலத்தில் நாம் நாள்தோறும் கேள்விப்பட்ட 'மிகை இறப்பு' அந்த வழியில் வந்த கணக்குதான்.

இந்த வேலையின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒருவருக்குச் செவ்வாயன்று காய்ச்சலும் இருமலும் தொடங்குகின்றன. வெள்ளியன்று மருத்துவரிடம் போகிறார். மாதிரி ஆய்வகத்துக்குச் சென்று, முடிவு வந்து, பதிவேட்டில் ஏற மேலும் ஒரு வாரம் ஆகிறது. ஆகவே நோய் தொடங்கிய நாளை வைத்து வரையும் வரைபடத்தில் கடைசி இரண்டு வாரங்கள் எப்போதும் தாழ்ந்தே தெரியும். புதிதாகச் சேர்ந்தவர் அதைப் பார்த்து "நோய் குறைகிறது" என்று அறிக்கை எழுதிவிடுவார். அனுபவமுள்ளவர், இன்னும் வந்து சேராத பதிவுகள் எத்தனை இருக்கக்கூடும் என்று முதலில் மதிப்பிடுவார். பரிசோதனைகளின் எண்ணிக்கை கூடியதா, 'காய்ச்சல்' என்பதற்கான வரையறை மாறியதா என்ற கேள்விகளும் இதே வகையைச் சேர்ந்தவை. உலக சுகாதார நிறுவனம் 'இன்ஃபுளுவென்சா போன்ற நோய்' என்ற வகைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், இருமல், தொடங்கிப் பத்து நாட்களுக்குள் என்று கறாராக வரையறுத்திருப்பது, ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்து எண்ணோடு ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

கணினித் திறமை மட்டும் இதற்குப் போதாது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. மக்கள் இணையத்தில் தேடும் சொற்களிலிருந்து இன்ஃபுளுவென்சா பரவலைக் கணிக்க கூகுள் நிறுவனம் 2008இல் ஒரு சேவையைத் தொடங்கியது. 2012-13 பருவத்தில் அது அளவுக்கு மீறி மிகையாகக் கணித்தது. 2015இல் கணிப்புகளை வெளியிடுவதும் நின்றுபோனது. நோய்வாய்ப்பட்டவர் மட்டுமல்ல, செய்தியைப் படித்துப் பயந்தவரும் தேடுவார் அல்லவா?

எனவே உங்கள் மகள் நோய்ப்பரவலியல் அல்லது உயிர்ப்புள்ளியியலில் முதுநிலை படிப்பதே சரியான வழி. தரவுகளைப் பகுப்பாய்வு செய்ய உதவும் ஆர், பைத்தான் ஆகிய நிரல்மொழிகளில் ஒன்றைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். அதைவிட, ஒரு சுகாதார நிலையத்தில் சில வாரங்கள் அமர்ந்து, பதிவேட்டின் கட்டங்கள் எப்படி நிரப்பப்படுகின்றன, எவை வெறுமையாக விடப்படுகின்றன என்று பார்ப்பதையே நான் வற்புறுத்துவேன். காசநோய், ஆஸ்துமா, காற்று மாசு, கழிவுநீரில் வைரஸ் கண்காணிப்பு எனத் துறையின் கிளைகள் பல. எது பிடிக்கும் என்பது பிறகு தெரியும்.

வருமானம் குறித்த உங்கள் கவலையை நான் மறுக்கப் போவதில்லை. தொடக்கப் பணிகளில் பல, நிதி இருக்கும்வரை நீடிக்கும் ஒப்பந்தத் திட்டங்களே. மென்பொருள் துறையின் சம்பளத்தை ஆரம்பத்தில் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் இங்கே பழகும் பகுப்பாய்வுத் திறன் காப்பீட்டிலும் மருந்து ஆய்விலும் செல்லுபடியாகும் என்பதால், இது திரும்பி வர முடியாத பாதையன்று.

முடிவெடுக்கும் முன் அவரிடம் ஒரு சிறு பயிற்சியைக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஃப்ளூநெட்' தளத்தில் இன்ஃபுளுவென்சா பரிசோதனை எண்கள் வாரவாரியாக எவரும் பார்க்கும்படி உள்ளன. ஒரு நாட்டின் ஐந்தாண்டுத் தரவை எடுத்து, அதில் எந்த எண்களை நம்பலாம், எவற்றை நம்பக் கூடாது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தோடு இருவரும் வாருங்கள். மேற்படிப்புக்கான விண்ணப்பங்களை அதன் பிறகு பேசுவோம்.